பட்டாணி வெட்டிப் பழகுவது எப்படி

ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்து இறங்கியதும் முதல் வேலை, சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது. எங்கே வைப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. மூடியின் மேல் வைக்கலாம். இரண்டு பக்கத்துக் கால்களிலும் வைக்கலாம். தாள் நுழையும் இடத்தில், பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி, கறுப்பாக ஒரு சின்னக் குழி இருக்கும். அங்கே மட்டும் வேண்டாம். அது மெஷினின் கண். தாள் இருக்கிறதா என்று பார்ப்பது அதுதான். நான் அங்கேதான் வைத்தேன். இரண்டு முழத் தாளை வாயில் கவ்விக்கொண்டே மூன்று நாள் ‘தாள் இல்லை, தாள் இல்லை’ என்று அது சாதித்தது. நான்காம் நாள் என் மனைவி முந்தானை நுனியை நனைத்துக் குழியைத் துடைத்தாள். ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்த வழிகாட்டி, கறவை மாட்டு விலைக்கும் குறைவாக மெஷின் வாங்கியவர்களுக்கானது. லட்சங்கள் கொடுத்து ஜப்பான் மெஷின் வாங்கியவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவர்களுக்குப் பழுது வராது. வந்தாலும் பைக்கில் ஒரு பையன் வருவான். மேல்சித்தாமூருக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸிலேயே வந்தாலும், நடுவில் இறங்கி உள்ளே வர வேண்டிய ஊர் இது. வாங்கிய கடைக்கு போன் போட்டால், “ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்” என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் மெஷினை நேரில் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

கடைப் பெயரில் ‘வினைல் கட்டிங்’ என்று எழுதாதீர்கள். ஒருவரும் படியேற மாட்டார்கள். நம் பக்கம் அது ‘ரேடியம் கட்டிங்’. 1898இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்துக்கும் உங்கள் கடையில் தொங்குகிற ரோலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு காலத்தில் கடிகார முள்ளுக்கு ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள், இருட்டில் தெரிந்தது. அந்தப் பெயர் இருட்டில் மினுக்கும் எல்லாவற்றுக்கும் வந்தது, பிறகு மினுக்காததற்கும் வந்தது. லாரிக்குப் பின்னால் ஒட்டும் மினுக்குத் தாளில் இருப்பது பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். கண்ணாடியை அறுக்கிற பிளேடு சீக்கிரம் மழுங்கும் என்பதைச் சொல்லி லாரிக்காரரிடம் கூடுதலாகக் கேட்கலாம். கொடுக்க மாட்டார். கேட்டு வைப்பது நல்லது.

எர்த் குழிக்கு உப்பு போடுதல்

முதல் மாதத்தில் மெஷின் காரணமில்லாமல் பாதி எழுத்தில் நிற்கும். ‘கல்யாணம்’ என்பதில் ‘கல்யா’ வரை வந்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவர் மாதிரி அப்படியே நிற்கும். சில நாள் நிற்காமல், தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே நேர்கோடாக அறுத்துவிட்டுப் போகும். இரண்டும் வேறு வேறு வியாதி.

நிற்கிற வியாதிக்குக் காரணம், பெரும்பாலும் தாள்தான். ரோல் சுற்றிலிருந்து பிளாஸ்டிக் உரிந்து உரிந்து வரும்போது, சீப்பைத் தலையில் தேய்த்தால் வருகிற மாதிரி மின்சாரம் ஏறும். வெயில் காய்கிற பகலில் இன்னும் அதிகம். அது போக வழியில்லாமல் மெஷினின் மூளைக்குள் போகும். வழி, எர்த் கம்பி. நம் வீட்டு மூன்று துளை பிளக்கில் மூன்றாவது துளை பெரும்பாலும் அழகுக்கு வைத்தது. உள்ளே கம்பி இருக்காது. இருந்தாலும் அது போய்ச் சேரும் குழி உங்கள் தாத்தா காலத்தில் தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடியதாக இருக்கும். குழியைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல்தான் துளசி மாடமோ கோழிக்கூடையோ இருக்கும். ஒரு குடம் தண்ணீரும் இரண்டு கை கல்லுப்பும் ஊற்றுங்கள். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பரிகாரம் செய்கிறீர்கள் என்று ஊரில் பேச்சு வரும். அது உண்மைதானே.

நேர்கோடு போடுகிற வியாதி கேபிளைச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் வேகமாகச் சொல்லும், மெஷின் மெதுவாகக் கேட்கும். இது பல குடும்பங்களில் இருக்கிற ஏற்பாடுதான். ‘இரு, இப்போது வேண்டாம், கை நிறைய இருக்கிறது’ என்று மெஷின் சொல்லவும், கம்ப்யூட்டர் அதைக் கேட்டு நிறுத்தவும் ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும். செட்டிங்கில் அது இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால், நடுவில் சில கட்டளைகள் காற்றில் போய்விடும். கத்தியைத் தூக்கு என்ற கட்டளை போய், நகரு என்ற கட்டளை மட்டும் வந்து சேர்ந்தால் அந்த நேர்கோடு. வேக எண்ணை இரண்டு பக்கமும் 9600 என்று வையுங்கள், கேபிளை இரண்டு மீட்டருக்குள் வையுங்கள், பக்கத்துச் சுவரில் யாரும் மிக்சி ஓட்டாத நேரமாகப் பாருங்கள். தோசை மாவு ஆட்டும் நேரத்தில் கல்யாண ஸ்டிக்கர் வெட்டாதீர்கள்.

திரையில் தமிழ், தாளில் இங்கிலீஷ்

திரையில் ‘அம்மா’ என்று லட்சணமாகத் தெரியும். மெஷின் வெட்டித் தருவது: எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு எச். முதல் தடவை இது நடந்தபோது யாரோ செய்வினை வைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பாமினி எழுத்துரு இருக்கிறதே, அதில் தமிழ் வெறும் மேல்சட்டை. உள்ளே இருப்பது அந்த நான்கு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பாமினி இல்லாத இடத்துக்கு அதே கோப்பு போனால் சட்டை கழன்றுவிடும். தாயை அரைப்புள்ளியோடு ஆட்டோவில் ஒட்டி அனுப்ப முடியாது. ஆகவே கோரல் ட்ராவில் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோலும் கியூவும் அழுத்திக் கோடாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு அது எழுத்தல்ல, படம். எழுத்துப்பிழை கண்டுபிடித்தாலும் திருத்த முடியாது என்பது ஒன்றுதான் குறை. நம் தொழிலில் எழுத்துப்பிழையை எப்போதும் ஒட்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள் என்பதால் பரவாயில்லை.

கோடாக மாற்றினால் போதாது, ஒட்டவும் வேண்டும். ‘கொ’வில் கொம்பும் உடம்பும் தொட்டுக்கொள்ளும் எழுத்துருக்கள் உண்டு. கண்ணுக்கு ஒன்று. மெஷினுக்கு அவை இரண்டு பேர். இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி அறுத்து, தொட்டுக்கொள்ளும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டும் போட்டுத் தரும். உரிக்கும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘வெல்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மறக்காதீர்கள்.

மேல்தோல் மட்டும்

எல்லாரும் தப்பு செய்கிற இடம் இது. கொஞ்சம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

நாம் வெட்டுவது இரண்டு அடுக்கில் மேலடுக்கை மட்டும். கடைத்தெருவில் இதற்கு ‘ஹாஃப் கட்’ என்று பெயர். வினைல் கனம் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர். கீழே வழவழப்பான தாள். இரண்டும் சேர்ந்தாலும் கால் மில்லிமீட்டரைத் தொடாது. மேலே இருப்பது முழுசாக அறுபட வேண்டும், கீழே இருப்பதற்கு ஒரு நகக்கீறல் மட்டும் விழ வேண்டும். அடியில் இருக்கிற உயிருக்குச் சேதம் வரக் கூடாது என்கிற கொள்கை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. தமிழ்ச் சமணர்களின் மடம், ஜினகாஞ்சி மடம், இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் என் கடை வாசலிலிருந்து தெரியும். ஆனால் சீனத்திலிருந்து வந்த கத்திக்கு அகிம்சையைத் திருகு சுற்றித்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

கூட்டில் பிளேடு மயிரிழை அளவுக்கு மேல் நீட்டக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீட்டிவிட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். கத்தி நடுங்கும், முனை உடையும். பிளேடுக் கூட்டைக் கழற்றிக் கையில் பேனா மாதிரி பிடித்து, துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மேல்தோல் அறுந்து, கீழ்த்தாளில் கீறல் மட்டும் இருந்தால் நீட்டம் சரி. பிறகுதான் மெஷினில் மாட்ட வேண்டும்.

அழுத்தம் கிராம் கணக்கில் இருக்கும். சாதா வினைலுக்கு 80லிருந்து 120 வரை. எவ்வளவு என்று மனத்தில் படுவதற்கு மற்ற ஊரில் இரண்டு முட்டை எடை என்று சொல்வார்கள். நயினார், அதாவது தமிழ்ச் சமணர், வீடுகள் இருக்கிற தெருவில் உவமைக்கும் முட்டை வேண்டாம். ஒரு வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடில் மூன்று சாதி: 30, 45, 60 டிகிரி. சாதாரணத்துக்கு 45. லாரிக்காரரின் கண்ணாடி மணித் தாளுக்கு 60.

எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து பிய்ந்தே வருகிறதா? அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். எல்லாரும் கூட்டுவார்கள். நானும் கூட்டினேன், வாழைப்பழத்திலிருந்து பலாப்பழம் வரைக்கும் போனேன். கடைசியில் பார்த்தால் கூட்டுக்குள் ஒரு துளி வினைல் நூல் சிக்கி, பிளேடு சுழலாமல் இருந்திருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊதுவதற்கு ஒரு வாய். மனைவிதான் ஊதினாள். இன்னொன்று, பிளேடு ஓடும் பாதைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். பலாப்பழக் காலத்தில் அதில் வாய்க்கால் விழுந்திருக்கும். வாய்க்கால் வருகிற இடத்தில் மட்டும் எழுத்து அறுபடாது. பட்டையை மாற்றிவிடுங்கள், மெஷினைத் திட்டாதீர்கள்.

பட்டாணி

வெள்ளைக்காரர்கள் சதுரமும் முக்கோணமும் வெட்டிச் சோதனை செய்யச் சொல்வார்கள். மெஷினோடு வரும் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. சதுரம் அழகாக வரும். நம்பி ‘ஸ்ரீ’ போட்டால் தெரியும். தமிழ் வெட்டுகிற மெஷினைத் தமிழில்தான் சோதிக்க வேண்டும். பல சொற்களை வெட்டிப் பார்த்து, தாள் விரயம் செய்து, நான் கண்டடைந்த சொல்: பட்டாணி.

‘ப’வில் அடியில் இரண்டு நேர் மூலை. ‘ட’வில் ஒரு மூலை. நடுவே ‘ட்’டுக்கு ஒரு புள்ளி. கடைசியில் ‘ணி’யில் வளைவும் சுழியும் கொக்கியும். மெஷினுக்கு இருக்கக்கூடிய எல்லா நோயும் இந்த நாலெழுத்தில் தெரிந்துவிடும். வெட்டிக்கொண்டே கொறிக்கவும் செய்யலாம்.

எப்படிப் பார்ப்பது? பிளேடின் முனை, கூட்டின் நடு அச்சில் இருக்காது; கொஞ்சம் பின்தள்ளி இருக்கும், மாட்டுவண்டிச் சக்கரம் நுகத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி. வழக்கமாக 0.25 மில்லிமீட்டர். மாடு திரும்பிய இடத்திலேயே வண்டி திரும்பாது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதற்கான ஈடு எண்ணை மெஷினிடமோ கம்ப்யூட்டரிடமோ சொல்ல வேண்டும். யாராவது ஒருவரிடம் மட்டும். இரண்டு பேரிடமும் சொன்னால் இரண்டு பேரும் திருப்புவார்கள். ‘ப’வின் மூலை மழுங்கி, தேய்ந்த அரையணா மாதிரி உருண்டு வந்தால் எண் போதவில்லை. மூலையில் காது முளைத்து, ‘ட’ வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றால் எண் அதிகம். இந்த மெஷின்கள் மில்லிமீட்டரை 40 பாகமாகத்தான் எண்ணும், அதனால் 0.25 என்பது பத்து அடி. ஒவ்வோர் அடியாகப் போங்கள். எட்டில் பட்டாணி, ஒன்பதில் பட்டாணி. செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் தொடங்கி 1698 வரை முற்றுகையிட்டார். உங்களுக்கு ஒரு மத்தியானம் போனால் என்ன?

மூலைதான் கத்திக்குப் பகை. வளைவு என்றால் வெண்ணெய். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்களுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது என்கிறார்கள். நேர்கோடு அழுத்தி இழுத்தால் ஓலை நார்வாக்கில் கிழியும், அதனால் எழுத்து உருண்டது. இழுத்துக்கொண்டு போகிற கத்திக்கும் எழுத்தாணிக்கும் ஒரே ருசி.

மூலை சரியானபின் அளவு. இங்கே ஒரு பெரியவரைச் சொல்லியாக வேண்டும். ஜோசப் கெர்பர். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். 1983இல் அவருடைய கம்பெனி கொண்டுவந்த சைன்மேக்கர் என்ற மெஷின்தான் கடைப் பலகை எழுத்தைக் கம்ப்யூட்டர் சொல்ல வினைலில் வெட்டித் தந்த முன்னோடி. நம் அத்தனை பேர் மெஷினுக்கும் பெரியப்பா. அவர் படிக்கிற காலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த சாமான், இழுத்தால் நீளுகிற அளவுகோல். எதை வைத்து? தன் பைஜாமாவின் எலாஸ்டிக் நாடாவில் கோடு கோடாகக் குறி போட்டு. நாடாவை இழுத்தால் எல்லா இடைவெளியும் ஒன்றுபோல விரியும். நம் மெஷினும் அந்த வம்சம்தான் என்பதைத் தாளை இழுத்துப் பார்க்கும்போது புரிந்துகொள்ளலாம்.

300 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் ஸ்கேலில் அளந்தால் 298.5 வரும். 300ஐ 298.5ஆல் வகுத்தால் 1.005. அந்த எண்ணைச் செட்டிங்கில் போட்டால் தீர்ந்தது. குறுக்கே ஓர் எண், நெடுக்கே ஓர் எண். இரண்டும் ஒன்றாக இருக்காது. நூறு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி அளந்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் பத்தடி பேனர் ஒட்டும்போது அழுவார்கள். அளப்பதற்கு ஜவுளிக்கடை டேப் வேண்டாம். அதுவும் பைஜாமா வம்சம்.

பிறகு கோணல். ஒரு சதுரம் வெட்டிக் கொத்தனார் மாதிரி மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். நூறுக்கு நூறு சதுரத்தில் இரண்டு மூலைவிட்டமும் 141.4 வர வேண்டும். ஒன்று 142, ஒன்று 141 என்றால் தாள் கோணலாகப் போகிறது. மேலே அழுத்தும் ரப்பர் சக்கரம் இரண்டும், கீழே சொரசொரப்பாக இருக்கிற உருளைக்கு நேர் மேலே உட்கார வேண்டும். ஒன்று உருளையிலும் ஒன்று வழவழப்பிலும் நின்றால், ஒரு காலில் செருப்போடு நடக்கிற மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும். முதல் முறை தேர்த் திருவிழாவுக்கு வரவேற்பு பேனர் வெட்டியபோது ‘அனைவரையும்’ மேலே ஆரம்பித்து ‘வரவேற்கிறோம்’ முடியும்போது ஓரத்தைத் தாண்டிவிட்டது. தாளை முன்கூட்டியே ரோலிலிருந்து தளரப் பிரித்துத் தொங்கவிடுங்கள். மெஷின் தானாக ரோலை இழுக்கட்டும் என்று விட்டால், அது எங்கேயோ ஒரு இழுப்பில் சறுக்கும்.

மழைக்காலம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தாள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி நெளியும். ரோலை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள், தரையில் வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகி, உரிக்கும்போது எழுத்தும் கூடவே வரும். காலையில் உரியுங்கள்.

ஆர்டர் எடுத்தல்

பழகும் காலத்தில் எதற்கெல்லாம் தலையாட்டக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

தேசிங்கு ராஜன் குதிரை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த அந்த இளைஞரைச் செஞ்சிப் பக்கத்து ஆட்டோ, மினி வேன் எல்லாவற்றிலும் இன்றைக்கும் குதிரையில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025இல் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து இன்னும் கேட்கிறார்கள். ராஜாவைப் பற்றிச் சிரமம் இல்லை. வாள்கூட வந்துவிடும். குதிரையின் வால்தான். ஒவ்வொரு மயிரும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவு. உரிக்க உரிக்க ஒவ்வொன்றாகப் பிய்ந்து, கடைசியில் பாராசாரிக் குதிரை நாய்க்குட்டி வாலோடு நிற்கும். வாலை ஒரே கற்றையாக வரைந்துவிடுங்கள்.

வண்டியில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’. 2024 மே மாதம் சென்னைப் போலீஸ் இதைப் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து நான் காரணம் சொல்லித் தப்பிக்கிறேன். ‘பிளேடு மழுங்கிடுச்சுண்ணா’ என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, ஜைனச் சின்னம். 1974-75இல் மகாவீரர் வீடுபேறு பெற்ற 2500ஆம் ஆண்டை ஒட்டி எல்லாப் பிரிவினரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட சின்னம் அது. எங்கள் ஊரில் இதற்கு இல்லை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் மலிவு மெஷின்காரர்களைக் கலந்துகொள்ளவில்லை. கீழே ஒரு கை. கைக்குள் ஒரு சக்கரம். சக்கரத்துக்கு 24 ஆரம். ஆரத்துக்கு நடுவில் ‘அகிம்சை’ என்ற எழுத்து, வடமொழியில். கைக்கு மேலே சுவஸ்திகம். அதற்கு மேலே மூன்று புள்ளி: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலே பிறை, பிறைக்குள் இன்னொரு புள்ளி. முக்தி பெற்றவர்கள் இருக்கும் இடம். நான்கு அங்குலத்தில் வெட்டினேன். ஆரம் இருபத்து நான்கும் வந்தன. அதை ஊரெல்லாம் சொன்னேன். கண்ணாடியில் ஒட்டி, வெட்டியதை அடித்தாளிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிற மேல் டேப்பை உரித்தபோது நல்ஞானம் மட்டும் டேப்போடு போய்விட்டது.

வாடிக்கையாளர் வீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார். “காட்சி இருக்குது, ஒழுக்கம் இருக்குது. நடுவுல இருக்கறது எங்க தம்பி?”

“டேப்புல ஒட்டிக்கிச்சுங்க ஐயா.”

“பாத்து எடு. அது போனா மத்த ரெண்டும் நிக்காது.”

புள்ளி என்கிற ஒன்று

இவ்வளவு தூரம் சொன்னது எல்லாம் முன்னுரை. இந்தத் தொழிலில் உண்மையான எதிரி ஒருவர்தான். உருண்டையாக, மிளகு அளவில் இருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் புள்ளிக்குச் சுற்றளவு ஆறு மில்லிமீட்டர் சொச்சம். அந்த ஆறுக்குள் கத்தி ஒரு முழு வட்டம் திரும்பி, ஆரம்பித்த இடத்தையே வந்து தொட வேண்டும். கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் புள்ளியை அறுக்காது, புரட்டிவிடும். அறுத்தாலும், அடியில் பசை எவ்வளவு? மூன்று சதுர மில்லிமீட்டர். அந்தப் பசையை நம்பி அது வண்டியில் ஏறி மழையிலும் வெயிலிலும் திண்டிவனம் போய் வர வேண்டும். ‘மேல்சித்தாமூர்’ என்பதில் மூன்று புள்ளி. ஃபேன்சி ஸ்டோர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார்கள். ஆய்தத்துக்கு மூன்று, பாக்கிக்கு நான்கு, ஆக ஏழு. எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவர்கள் நஷ்டப்படுவார்கள். புள்ளிக்கு ஐந்து ரூபாய் தனியாகப் போடுங்கள்.

புள்ளியால் கஷ்டப்பட்ட முதல் ஆள் நான் இல்லை என்பது ஓர் ஆறுதல். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதி சொல்லிவிட்டது. வெட்டுகிறவர்கள் கேட்கவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. செஞ்சியை ஒட்டியிருக்கும் திருநாதர்குன்றில், ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரையும் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. தமிழில் ‘ஐ’ என்ற எழுத்து முதலில் தலைகாட்டுவது அதில்தான் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய் உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் பார்ப்பதுண்டு. உளியில் வெட்டியது. அடித்தாள் கிடையாது, உரிக்கிற வேலை கிடையாது, எழுத்தை எடுத்து எறிந்துவிட்டுப் பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகப்போகிறது. ஓரம் தூக்கவில்லை.

ஓலையில் புள்ளி இல்லாததால் பின்னால் அச்சுப் போட வந்தவர்கள் பட்ட பாடு வேறு. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். எது மெய், எது உயிர்மெய் என்று வரி வரியாக ஊகிக்க வேண்டும். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அவருக்குப் புள்ளி இல்லை என்று கஷ்டம். எனக்கு இருக்கிறது என்று கஷ்டம்.

தீர்வுகள் சில உண்டு. புள்ளியைப் பெரிதாக்குங்கள், எழுத்தின் தடிமனுக்குக் குறையாமல், முடிந்தால் ஐந்து மில்லிமீட்டர். வேகத்தைப் பாதியாக்குங்கள். டேப் போட்டு அழுத்தும்போது மற்ற எழுத்துக்கு ஒரு தேய்ப்பு என்றால் புள்ளிக்கு மூன்று தேய்ப்பு. புள்ளியை எழுத்தோடு மெல்லிய பாலம் போட்டு இணைத்துவிட்டால் விழவே விழாது என்று நான் ஒரு உத்தி கண்டுபிடித்தேன். அதைப் பார்த்த அதே பெரியவர், “புள்ளிக்கு எதுக்குப்பா வால்?” என்று கேட்டுவிட்டார். உத்தியைக் கைவிட்டேன்.

அவருடைய வேனுக்குப் பின்பக்கக் கண்ணாடியில் ‘மலைநாதர் துணை’ வேண்டும் என்று அவர் வந்தபோதுதான் இந்த வழிகாட்டியின் கடைசிப் படி எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊரின் இன்னொரு கோயில் மலைநாதர் கோயில்; ஒரே பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் அம்பிகையும் இருப்பது அங்கேதான். பெரியவருக்கு ஒரு நிபந்தனை. ‘லை’ பழைய ‘லை’யாக இருக்க வேண்டும், தும்பிக்கை தூக்கியது. 1978இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியபோது அது போய்விட்டது என்றேன். “எங்க வீட்டுல போகல” என்றார். எழுத்துருவில் இல்லை; கையால் வரைந்தேன். துணையின் ‘ணை’யும் அப்படியே. சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: அந்தத் தும்பிக்கையைக் கத்தி ஒரே இழுப்பில், எங்கும் தூக்காமல், நீச்சல் அடித்தது மாதிரி வெட்டியது. புதிய ‘லை’யில் கொம்பு தனி, உடம்பு தனி.

மணி நாலேகால். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவர் வாசலில் நிற்கிறார். ஒட்டி, தேய்த்து, டேப்பை உரித்தேன். மகரம், லைகாரம், நகரம், துணை எல்லாம் கண்ணாடியில். ‘ர்’ மேல் ஒன்றும் இல்லை. மொத்தத்தில் இருந்த ஒரே ஒரு புள்ளி. டேப்பில் பார்த்தேன், தரையில் பார்த்தேன், என் முழங்கையில் பார்த்தேன். புதிதாக வெட்டலாம் என்றால் மின்சாரம் இல்லை.

“மலைநாதரவா?” என்று படித்தார் பெரியவர்.

உள்ளே போனேன். மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பீரோ கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை விரல் நுனியில் எடுத்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கருஞ்சிவப்பு. எழுத்தும் கருஞ்சிவப்புதான். அவளே வந்து ரகரத்தின் தலையில் வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.

ஆகவே கடைசிப் படி: கடையில் எந்தெந்த நிறத்தில் ரோல் இருக்கிறதோ அந்தந்த நிறத்தில் வட்டப் பொட்டு ஓர் அட்டை வாங்கி வையுங்கள். கடுகு, மிளகு, சுண்டைக்காய் என்று மூன்று அளவில் இருந்தால் நல்லது. வெள்ளைப் பொட்டு மட்டும் தேட வேண்டியிருக்கும்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய் அந்த வேன் மறுபடி வந்து நின்றது. மகரம் ஓரம் தூக்கியிருந்தது. ‘லை’யின் தும்பிக்கை நுனி சுருண்டு, நான் பெருமைப்பட்ட வளைவில் மண் ஏறியிருந்தது. பொட்டு அப்படியே இருந்தது. பெரியவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, மத்த எழுத்தையும் இந்தப் பொட்டுத் தாள்லயே வெட்டிக் குடுத்துட முடியாதா?”